கூடவே கட்டி வரும் தரவுத்தளம்

எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் மூலநிரல் முழுவதும் ஒரே சி கோப்பாகக் கிடைக்கிறது. இரண்டரை லட்சம் வரிகளுக்கு மேல் நீளும் அந்தக் கோப்பைச் செயலியின் நிரலோடு சேர்த்துக் கம்பைல் செய்தால் தரவுத்தளம் தயார். தனி சர்வர் வேண்டாம், நிறுவல் வேலை வேண்டாம். புதிய பதிப்பு வரும்போது பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைக்கலாம். இவ்வளவு எளிதாகத் தெரிவதால்தான் பல குழுக்கள் இதை அரை நாள் வேலையாகக் கணக்குப் போடுகின்றன. சோதனைகள் ஓடும், எல்லாம் பச்சை காட்டும், செயலி வெளியாகும். சில வாரங்கள் கழித்து ஒரே ஒரு இயங்குதளத்தின் பயனர்களிடமிருந்து மட்டும் புகார் வரத் தொடங்கும்: கோப்பு பூட்டிக் கிடக்கிறது, எழுதியது காணாமல் போகிறது, தரவுத்தளமே சிதைந்துவிட்டது.

அந்தச் சி கோப்பின் மேல்பகுதி எங்கும் ஒன்றுதான். எஸ்க்யூஎல் வாக்கியத்தைப் புரிந்துகொள்வது, அட்டவணையில் தேடுவது, முடிவைத் தருவது ஆகியவற்றில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் வேறுபாடு கிடையாது. அடியில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. கோப்பைத் திறப்பது, பூட்டுவது, எழுதுவது, எழுதியதை வட்டில் உறுதிசெய்வது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. அங்கே ஒவ்வொரு இயங்குதளமும் தன் குணத்தைக் காட்டுகிறது. இயங்குதளம் தரும் லைப்ரரியைப் பயன்படுத்தும்வரை அந்தக் குணங்களைச் சமாளிப்பது இயங்குதளத்தைச் செய்தவர் பொறுப்பு. நம் செயலியோடு ஒரு பிரதியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அது நம் பொறுப்பு. ஆகவே லைப்ரரியைப் புதுப்பிப்பது என்பது செயலி ஓடும் ஒவ்வோர் இயங்குதளத்தோடும் உள்ள உடன்பாட்டை மறுபடி சரிபார்ப்பது. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக ஒழுங்குக்கு வரும் என்பது என் உறுதியான கருத்து.

எஸ்க்யூலைட்டையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ரிச்சர்ட் ஹிப் 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து இது சேராத கருவி குறைவு. இயங்குதளங்களோடு பட்ட பாடுகளை அதன் ஆக்குநர்கள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். லெவல்டிபி, எல்எம்டிபி, பெர்க்லி டிபி போன்றவற்றைத் தேவைப்படும் இடத்தில் தொட்டுக்கொள்ளலாம்.

எதற்காகக் கூடவே கட்டுகிறார்கள்

ஆண்ட்ராய்டு தன்னோடு ஒரு எஸ்க்யூலைட்டை வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பதிப்பு என்பது போனைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டு 8.0-இல் 3.18, 9-இல் 3.22, 11-இல் 3.28, 14-இல் 3.39. இது பொதுக்கணக்குதான், சில போன் தயாரிப்பாளர்கள் வேறு பதிப்பையும் வைப்பதுண்டு. ஒரு வரி ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்னும் அப்சர்ட் வசதி 3.24-இல், 2018 ஜூனில் வந்தது. பழைய போனிலும் அது வேண்டுமென்றால் சொந்தப் பிரதியைக் கட்டுவது தவிர வழியில்லை. கூகுளின் ஜெட்பேக் தொகுப்பே இப்போது இப்படிக் கட்டிக்கொள்வதற்கான டிரைவரைத் தருகிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நெடுங்காலமாகத் தங்கள் பிரதிகளைத் தாங்களே சுமந்து வருகின்றன.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. 2018 டிசம்பரில் டென்சென்ட் நிறுவனத்தின் பிளேடு ஆய்வுக் குழு, எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடல் பகுதியில் இருந்த ஓட்டைகளை மெகல்லன் என்ற பெயரில் அறிவித்தது. குரோம் போன்ற உலாவிகளில் வலைப்பக்கம் வழியாகவே அவற்றைத் தொட முடிந்தது. எஸ்க்யூலைட் 3.25.3-இலும் குரோம் 71-இலும் அவை அடைக்கப்பட்டன. ஆனால் தனித்தனியாகப் பிரதி வைத்திருந்த ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இயங்குதளம் ஒரு தடவை மாற்றியதும் எல்லோருக்கும் சரியாகிவிடும் வசதி அங்கே இல்லை. டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் உட்பொதிந்த பிரதிகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். லினக்ஸ் தொகுப்புக்குள் செல்லும் மென்பொருளுக்கு டெபியனின் நிலைப்பாடே சரி. போனிலும் விண்டோஸிலும் ஓடும் செயலிக்கு நான் சொந்தப் பிரதியையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கட்டியவர் விடாமல் புதுப்பிக்க வேண்டும். இயங்குதளச் சிக்கல்களுக்குப் பயந்து ஐந்து வருடம் பழைய பிரதியோடு உட்கார்ந்திருப்பது இரண்டு வழிகளின் கேட்டையும் ஒன்றாக வாங்கிக்கொள்வது.

பூட்டுகள்

இந்த விஷயத்தில் மிக ஆழமான குழி பூட்டுகளில்தான் இருக்கிறது.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், போசிக்ஸ் தரம் வகுத்த கோப்புப் பூட்டுக்கு ஒரு விசித்திர விதி உண்டு. பூட்டு கோப்புத் திறப்புக்குச் சொந்தமானதில்லை, செயல்முறைக்கே சொந்தம். ஒரே செயல்முறை ஒரே கோப்பை இரண்டு முறை திறந்து, அவற்றில் ஒன்றை மூடினால், அந்தக் கோப்பின்மேல் அந்தச் செயல்முறை வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் அவிழ்ந்துவிடும். இன்னொரு திறப்பு வழியாகப் போட்ட பூட்டும் சேர்ந்தே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

எஸ்க்யூலைட் இதைத் தெரிந்துகொண்டு, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கிறது. பூட்டு மிச்சமிருக்கும் கோப்பை உடனே மூடாமல் தள்ளிப்போடுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் லைப்ரரியின் ஒரு பிரதிக்குள் மட்டுமே செல்லும். ஒரே செயல்முறையில் இரண்டு பிரதிகள் இருந்தால் ஒன்றின் பட்டியல் மற்றதற்குத் தெரியாது. செயலியின் பிரதி ஒரு கோப்பைப் பூட்டி எழுதிக்கொண்டிருக்கும், விளம்பரத்துக்கோ புள்ளிவிவரத்துக்கோ சேர்த்த இன்னொரு லைப்ரரி இயங்குதளத்தின் பிரதி வழியாக அதே கோப்பைத் திறந்து மூடும், பூட்டு அவிழ்ந்துவிடும், வேறொரு செயல்முறை நடுவில் புகுந்து எழுதும், தரவுத்தளம் சிதையும். எஸ்க்யூலைட் ஆக்குநர்கள் தங்கள் தரவுத்தளத்தைச் சிதைக்கும் வழிகளைத் தாங்களே தொகுத்து எழுதிய ஆவணத்தில் இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது லைப்ரரிகூட வேண்டியதில்லை. காப்புப் பிரதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, செயலியின் சொந்த நிரலே தரவுத்தளக் கோப்பைத் திறந்து ஹாஷ் கணக்கிட்டு மூடினாலும் இதே விளைவுதான்.

இரண்டு பிரதிகள் ஒரே செயல்முறைக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பதிலும் இயங்குதளங்கள் வேறுபடுகின்றன. லினக்ஸில் ஒரே பெயருள்ள செயற்கூறுகள் இரண்டு லைப்ரரிகளில் இருந்தால், வழக்கமாக முதலில் ஏற்றப்பட்டதே எல்லோருக்கும் கிடைக்கும். செயலிக்குள் கட்டிய பிரதி தன் பெயர்களை வெளியே காட்டிக்கொண்டிருந்தால், சிஸ்டம் எஸ்க்யூலைட்டை எதிர்பார்த்து எழுதிய ஒரு பிளகின் தனக்குத் தெரியாமலே நம் பிரதியைக் கூப்பிடும். பதிப்புகள் நெருக்கமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நம் பிரதியைப் புதுப்பித்த அன்று, தொடவே தொடாத பிளகின் விழும். மேக்ஓஎஸ்ஸில் ஒவ்வொரு பெயரும் எந்த லைப்ரரியிலிருந்து வர வேண்டும் என்பதும் சேர்த்தே பதிவாகிறது. அதனால் அங்கே இரண்டு பிரதிகளும் மோதாமல் அமைதியாக அருகருகே ஓடும். பார்க்க நல்லதாகத் தெரிந்தாலும் மேலே சொன்ன பூட்டுக் குழிக்கு அதுவே நேர்வழி. ஆண்ட்ராய்டு 7 முதல், பொதுவில் அறிவிக்காத சிஸ்டம் லைப்ரரிகளோடு செயலியின் நேட்டிவ் நிரல் நேரடியாக இணைவது தடுக்கப்பட்டது. ஆனால் ஜாவா வழியாக ஆண்ட்ராய்டின் பிரதியும், நேட்டிவ் வழியாக நம் பிரதியும் ஒரே கோப்பைத் தொடுவதை அந்தத் தடை நிறுத்தாது. ஒரு தரவுத்தளக் கோப்புக்கு ஒரு செயல்முறையில் ஒரே பிரதி: புதுப்பித்தலுக்கு முன் முதலில் உறுதிசெய்ய வேண்டியது இதுவே. பெயர்களை வெளியே காட்டாமல் மறைத்துக் கம்பைல் செய்வது அடுத்தது.

விண்டோஸின் பூட்டு வேறு இனம். யூனிக்ஸில் பூட்டு ஓர் அறிவிப்புதான்; மதிக்காதவர் எழுதலாம். விண்டோஸில் ஒருவர் தனக்கு மட்டும் என்று பூட்டிய பைட்டுகளை வேறு யாரும் படிக்கவே முடியாது. தரவு இருக்கும் இடத்தையே பூட்டினால் படிப்பவர்களும் நின்றுபோவார்கள். அதனால் எஸ்க்யூலைட் கோப்பின் 1 ஜிபி எல்லையில் தொடங்கும் 512 பைட்டுகளைப் பூட்டுக்கென்று ஒதுக்கி, அந்தப் பக்கத்தில் எந்தத் தரவையும் எழுதுவதில்லை. பழைய விண்டோஸ் 95, 98-இல் பலர் பகிர்ந்து படிக்கும் பூட்டே கிடையாது. அதற்காகத்தான் அதில் 510 பைட்டு நீளத்துக்கு ஒரு பரப்பு விடப்பட்டது. அந்த இயங்குதளங்கள் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் தடம் இன்றைக்கும் உலகின் ஒவ்வொரு பெரிய எஸ்க்யூலைட் கோப்பிலும் இருக்கிறது, லினக்ஸில் உருவானதிலும்கூட. இயங்குதளத்தின் ஒரு குணம் கோப்பு வடிவத்துக்குள்ளேயே இறங்கிவிட்டால் பிறகு அதைப் பிடுங்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஐஓஎஸ்ஸில் இன்னொரு விதி. செயலிகளுக்கிடையே பகிரும் கோப்புறையில் இருக்கும் கோப்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு செயலி பின்னணிக்குப் போய் உறையுமானால், இயங்குதளம் அதைக் கொன்றுவிடும். பதிவேட்டில் சேர்ந்த மாற்றங்களை முதன்மைக் கோப்புக்கு மாற்றும் செக்பாயிண்ட் வேலை புதிய பதிப்பில் சற்று நீண்டால் போதும், நேற்றுவரை தப்பித்த செயலி இன்று கொல்லப்படலாம். சோதனைக்கூடத்தில் இது அநேகமாகத் தெரியாது. பயனர் போனைச் சட்டைப்பையில் போடும் தருணத்தில்தான் நடக்கும்.

எழுதியாயிற்று என்ற வாக்குறுதி

எழுதியது வட்டில் நிலைத்துவிட்டதா என்று கேட்க எஃப்சிங்க் என்ற அழைப்பு இருக்கிறது. எல்லா யூனிக்ஸ் வகைகளிலும் இருக்கிறது, எல்லாவற்றிலும் பொருள் வேறு.

மேக்ஓஎஸ்ஸிலும் ஐஓஎஸ்ஸிலும் அது தரவை வட்டுக் கருவியிடம் ஒப்படைப்பதோடு திரும்பிவிடும். கருவி தன் உள்நினைவிலிருந்து நிலையான இடத்துக்கு மாற்றியதா என்று கேட்காது. அதற்குத் தனியாக முழு எஃப்சிங்க் என்ற வேறொரு கட்டளை வேண்டும். எஸ்க்யூலைட்டில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு, இயல்பாக அணைந்திருக்கும். மின்சாரம் போனாலும் தரவு தங்க வேண்டும் என்றால், புதுப்பிக்கும்போது அந்த அமைப்பு நம் கட்டமைப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூகுளின் லெவல்டிபி லைப்ரரியும் பின்னால் இதற்கென்றே ஆப்பிள் தளங்களுக்குத் தனி வழியைச் சேர்த்துக்கொண்டது. முழு எஃப்சிங்க் மெதுவானது. வேகம் குறைந்ததாகப் புகார் வந்ததும் அதை அணைத்துவிட ஆசை வரும். செய்தித்தாள் படிக்கும் செயலி அணைக்கலாம். கடைக் கணக்கு எழுதும் செயலி அணைக்கக் கூடாது.

லினக்ஸில் எதிர்த்திசைச் சிக்கல் வந்தது. 2008 ஜூனில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3, பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் புத்தகக் குறிகளையும் எஸ்க்யூலைட்டுக்கு மாற்றியிருந்தது. அன்றைக்குப் பரவலாக இருந்த இஎக்ஸ்டி3 கோப்பு முறைமை, தன் வழக்கமான அமைப்பில், ஒரு சிறு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டாலும் அந்தப் பகுதியில் எழுதக் காத்திருந்த எல்லாக் கோப்புகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டே திரும்பும். பின்னணியில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருந்தால் ஒரு பக்கத்தைச் சொடுக்கியவர் பல நொடிகள் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபயர்ஃபாக்ஸிலும் பிழையில்லை, எஸ்க்யூலைட்டிலும் பிழையில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு கோப்பு முறைமையின் குணத்தின்மேல் நின்றதுதான் நடந்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் உடனடி உறுதி எதற்கு என்ற கேள்வியை அந்தக் குழு அப்போதுதான் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

2018-இல் போஸ்ட்கிரெஸ் ஆக்குநர்கள் இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார்கள். லினக்ஸில் வட்டில் எழுதுவது தோற்று எஃப்சிங்க் பிழை சொன்ன பிறகு, மீண்டும் எஃப்சிங்க் கேட்டால் வெற்றி என்று வரலாம்; தரவோ வட்டில் இராது. மறுமுயற்சி செய்வது நியாயம் என்று நம்பி எழுதிய நிரல் எல்லாம் தவறாகிப்போனது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீள்வது என்று மாற்றினார்கள். போஸ்ட்கிரெஸ் கூடவே கட்டும் தரவுத்தளம் கிடையாது. ஆனாலும் நம் செயலியில் லைப்ரரியைச் சுற்றி எழுதிய மேலுறை பிழை வந்தால் மூன்று முறை முயன்று பார் என்று செய்கிறதா என்பதைப் புதுப்பித்தலின்போது படித்துப் பார்க்க இந்த அனுபவம் போதிய காரணம்.

விண்டோஸில் மூன்றாவது ஆள்

விண்டோஸில் நம் கோப்பை நாம் மட்டும் திறப்பதில்லை. ஆன்ட்டிவைரஸும் தேடல் அட்டவணை செய்யும் சேவையும் புதிய கோப்பு தோன்றியதும் திறந்து பார்க்கும். அந்த நொடியில் நாம் அழிக்கப் போனால் முடியாது என்று பதில் வரும். எஸ்க்யூலைட்டின் விண்டோஸ் படலம் இதற்காகப் படிப்பது, எழுதுவது, அழிப்பது ஆகியவற்றைப் பத்து முறை வரை மறுபடி முயல்கிறது. முதல் காத்திருப்பு 25 மில்லிநொடி, ஒவ்வொரு முறையும் இன்னொரு 25 கூடும். கூட்டினால் ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். பொறுமையில்லாத ஒரு மேலுறை அதற்குள் கைவிட்டால் பயனருக்குப் பிழை. ஆன்ட்டிவைரஸ் அதற்கு மேலும் பிடித்து வைத்திருந்தாலும் பிழை. இந்த எண்களை மாற்ற வழியுண்டு. மாற்றியிருந்தால் புதுப் பதிப்பிலும் அந்த மாற்றம் இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.

எஸ்க்யூலைட்டின் மூலநிரலில் 2006 அக்டோபர் தேதியிட்ட குறிப்பு ஒன்று இருக்கிறது. மெக்காஃபி ஆன்ட்டிவைரஸ் எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும், விண்டோஸின் தற்காலிகக் கோப்புறையில் எஸ்க்யூலைட் பெயரில் தொடங்கும் கோப்புகள் குவிந்தன. எரிச்சலடைந்த பயனர்கள் பெயரைத் தேடிப் பார்த்து, ஆக்குநர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நடு இரவில் எழுப்பிப் புகார் சொன்னார்கள். அதன் பிறகு அந்தக் கோப்புப் பெயரின் முன்னொட்டை எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி வைத்தார்கள். காரணம் தெரியாத ஒருவர் அந்த வரியைத் திருத்தியிருக்கக்கூடும். பக்கத்திலேயே எழுதி வைத்த குறிப்பு அதைக் காப்பாற்றுகிறது.

லைப்ரரியை மாற்றி வைக்கும் செயலிலும் இயங்குதளங்கள் ஒத்துப்போவதில்லை. விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல் கோப்பின்மேல் எழுத முடியாது, அழிக்கவும் முடியாது. பெயர் மாற்றி ஒதுக்கி வைக்க முடியும். லினக்ஸில் பழைய கோப்பின்மேலேயே எழுத முடியும், ஆனால் அதை ஏற்றி ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை விழுந்துவிடும். புதிய கோப்பை அருகில் வைத்துப் பெயர் மாற்றுவதே பாதுகாப்பு. ஆப்பிள் சிலிக்கன் மேக்குகளில் கையொப்பமிட்ட கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தி எழுதினால், கெர்னல் நினைவில் வைத்திருந்த பழைய கையொப்பத்தோடு பொருந்தாமல் செயலி தொடங்கும்போதே கொல்லப்படும்.

நினைவகத்தில் விரித்த கோப்பு

கோப்பை நினைவகத்தோடு பிணைத்துப் படிக்கும் வசதி, அதாவது எம்மேப், எஸ்க்யூலைட்டில் 2013-இல் 3.7.17 பதிப்போடு வந்தது. வேகம் கூடும். ஆனால் எழுதும் வழியும் பிணைத்துப் படிக்கும் வழியும் ஒரே இடைநினைவைப் பகிரும் இயங்குதளத்தில்தான் அது நம்பகமானது. ஓப்பன்பிஎஸ்டி அப்படிப் பகிர்வதில்லை. ஆகவே லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ், சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற சில தளங்களில் மட்டும் எஸ்க்யூலைட் இதை அனுமதிக்கிறது. மற்றவற்றில் உச்சவரம்பைச் சுழியமாக வைத்துவிடுகிறது. ஓப்பன்எல்டாப் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ எழுதிய எல்எம்டிபி முழுக்க முழுக்க எம்மேப்பின்மேல் நிற்பது. ஓப்பன்பிஎஸ்டியில் அதை எழுதக்கூடிய பிணைப்போடுதான் திறக்க வேண்டும். விண்டோஸில் பிணைத்த கோப்பைச் சுருக்க முடியாது. கோப்பைச் சுருக்கும் வேக்யூம் கட்டளை, ஓடி முடிந்தது என்று சொல்லும், கோப்பின் அளவு மட்டும் குறையாது.

பக்க அளவும் இங்கே நுழைகிறது. மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் முறைக்கு வால் (WAL) என்று பெயர். 2010-இல் 3.7.0-ஓடு வந்த அந்த முறையில், செயல்முறைகள் தங்களுக்குள் பகிரும் நினைவகத்தை எஸ்க்யூலைட் 32 கேபி துண்டுகளாகப் பிணைக்கிறது. இயங்குதளத்தின் பக்கம் 4 கேபியாக இருக்கும்வரை கவலையில்லை. சில ஆர்ம், பவர் லினக்ஸ் கெர்னல்களில் பக்கம் 64 கேபி. 32 கேபி எல்லையில் பிணைப்பைத் தொடங்க அங்கே வழியில்லை. ஆகவே அத்தகைய தளங்களில் பல துண்டுகளைச் சேர்த்து ஒரே பிணைப்பாக எடுக்கும் திருத்தம் பின்னால் சேர்ந்தது. இப்போது ஆண்ட்ராய்டு 16 கேபி பக்கத்துக்கு நகர்கிறது. ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்ற பிளே ஸ்டோர் விதி 2025 நவம்பர் 1-இல் தொடங்கியது. எஸ்க்யூலைட்டின் மூலநிரலில் ஒரு எழுத்தும் மாற வேண்டாம். ஆனால் கூடவே கட்டிய நேட்டிவ் கோப்பை 16 கேபி எல்லைக்கு ஒழுங்குபடுத்தி மறுபடி கட்ட வேண்டும். பல குழுக்கள் வருடக்கணக்கில் தொடாத பிரதியைத் தொட நேர்ந்தது இதனால்தான். பழைய பதிப்பை அப்படியே மறுபடி கட்டிவிட்டு நிறுத்தாமல், கையோடு புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

இயல்பு அமைப்புகளும் வரிசையும்

பதிப்பு மாறும்போது சத்தமில்லாமல் மாறுபவை இயல்பு அமைப்புகள். 2016 மார்ச்சில் 3.12.0 புதிய தரவுத்தளங்களின் பக்க அளவை 1024-இலிருந்து 4096 பைட்டுகளாக்கியது. பழைய கோப்புகள் பழைய அளவிலேயே இருக்க, புதியவை வேறு அளவில் பிறந்தன. இதில் யாருக்கும் தரவு போகவில்லை.

2018-இல் நடந்தது அப்படியில்லை. அட்டவணையின் பெயரை மாற்றினால் அதைச் சுட்டும் பிற இடங்களையும் சேர்த்துத் திருத்தும் நல்ல வழக்கத்தை எஸ்க்யூலைட் 3.25, 3.26 பதிப்புகள் கொண்டுவந்தன. பைத்தானின் ஜாங்கோ கட்டமைப்போ, பழைய வழக்கத்தை நம்பி, அட்டவணையைத் தற்காலிகப் பெயருக்கு மாற்றி, புதியதை உருவாக்கி, தரவை நகலெடுத்து, பழையதை நீக்கி வந்தது. இப்போது பிற அட்டவணைகளின் சுட்டுகள் தற்காலிகப் பெயரைப் பின்தொடர்ந்து போய், நீக்கப்பட்ட அட்டவணையில் போய் நின்றன. ஜாங்கோ 2019 ஜனவரியில் 2.1.5, 2.0.10 பதிப்புகளில் இதைச் சரிசெய்தது. இயங்குதளமோ பயனரோ சிஸ்டம் எஸ்க்யூலைட்டைப் புதுப்பித்த இடங்களில்தான் இது வெடித்தது. பழைய பிரதியோடு இருந்த கணினிகளில் அதே நிரல் நன்றாக ஓடியது. சொந்தப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: இத்தகைய மாற்றம் எந்த நாளில் தங்களைத் தொடும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம்.

வரிசைப்படுத்துவதில் தமிழுக்கு நேரடித் தொடர்பு உண்டு. எஸ்க்யூலைட் இயல்பாகப் பைட்டுகளையே ஒப்பிடுகிறது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வை அடுத்தும், ற ர-வை அடுத்தும், ழ ள-வுக்குப் பின்னும் இருப்பதால், பைட்டு வரிசையில் அடுக்கிய தமிழ் அகராதி நம் நெடுங்கணக்கைப் பின்பற்றாது. ஆண்ட்ராய்டு தன் எஸ்க்யூலைட்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் முறை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது. போனின் மொழியை மாற்றினால் அந்த வரிசையில் கட்டிய குறியட்டவணைகளை மறுபடி கட்டவும் செய்கிறது. அதை நம்பி எழுதிய தமிழ்ச் செயலி சொந்தப் பிரதிக்கு மாறினால், அப்படியொரு வரிசைமுறையே இல்லை என்ற பிழையோடு நிற்கும். மொழிவாரி வரிசை விதிகளைத் தரும் ஐசியூ லைப்ரரியையும் கூடவே கட்டி நிறைவு செய்யலாம். ஆனால் ஐசியூவின் பதிப்பு மாறி வரிசை விதி சற்றே திருந்தினாலும், பழைய விதியில் கட்டிய குறியட்டவணை தவறாகிவிடும். இருக்கும் சொல்லைத் தேடினால் இல்லை என்று வரும். 2018 ஆகஸ்டில் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வரிசை விதிகளை மாற்றியபோது, லினக்ஸைப் புதுப்பித்த போஸ்ட்கிரெஸ் பயனர்கள் சந்தித்தது இதைத்தான். மொழிவரிசையில் கட்டிய ஒவ்வொரு குறியட்டவணையையும் லைப்ரரியோ ஐசியூவோ மாறிய பிறகு மறுபடி கட்டியே ஆக வேண்டும். இதில் சலுகை இல்லை.

பிட்காயின் பிளந்த இரவு

கூடவே கட்டிய தரவுத்தளத்தை மாற்றியதன் மிகப் பெரிய பொது நிகழ்வு 2013 மார்ச்சில் நடந்தது. பிட்காயின் மென்பொருள் 0.8 பதிப்பில் பெர்க்லி டிபியிலிருந்து லெவல்டிபிக்கு மாறியது. மார்ச் 11 இரவு, முன் எப்போதும் இல்லாத அளவு பரிவர்த்தனை உள்ளீடுகளைக் கொண்ட ஒரு பிளாக் வந்தது. புதிய பதிப்பு அதை ஏற்றது. பழைய பதிப்புகளில், பெர்க்லி டிபி ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய பூட்டுகளுக்கு 10,000 என்ற உச்சவரம்பு இருந்தது. பல கணினிகள் அதைத் தாண்ட முடியாமல் பிளாக்கை நிராகரித்தன. சங்கிலி இரண்டாகப் பிளந்தது. சுரங்கக்காரர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பி ஒரு கிளையைக் கைவிட்ட பிறகே ஒன்று சேர்ந்தது. பூட்டு எண்ணிக்கை தரவுப் பக்கங்கள் வட்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்ததால், பழைய பதிப்பு ஓடிய இரண்டு கணினிகள்கூட ஒரே முடிவுக்கு வரும் என்ற உறுதி இல்லை. தரவுத்தளத்தின் ஓர் உள்வரம்பு, யாரும் எழுதாமலே அந்த வலையமைப்பின் விதியாக மாறியிருந்தது.

புதுப்பிக்கும் முன் நம் செயலி எந்தெந்த வரம்புகளையும் பிழைகளையும் அறியாமல் சார்ந்திருக்கிறது என்று தேடுவதற்கு ஒரே வழி, பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே உண்மையான தரவின்மேல் ஒப்பிட்டு ஓட்டுவது. வெறுங்கோப்பில் ஓடும் சோதனைகள் இதைக் காட்டாது. பல வருடம் பயன்பட்ட, வெவ்வேறு பதிப்புகளில் பிறந்த, பாதியில் நின்ற பதிவேட்டோடு கிடக்கும் கோப்புகளைச் சேர்த்து வைத்து அவற்றை ஒவ்வோர் இயங்குதளத்திலும் திறந்து பார்க்க வேண்டும். எழுதும் நடுவில் செயல்முறையைக் கொன்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஆன்ட்டிவைரஸை அணைக்காமல் ஓட்ட வேண்டும். பல குழுக்களின் சோதனைக் கணினிகளில் வேகத்துக்காக அதை அணைத்து வைத்திருப்பார்கள். அங்கே பச்சை காட்டும் விடை பயனரின் கணினிக்குப் பொருந்தாது.

எஸ்க்யூலைட்டின் சி கோப்புக்குள் கைவைத்துத் திருத்துவதை நான் கடைசி வழியாகவே கருதுகிறேன். அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மறுபடி பொருத்த வேண்டியிருக்கும், ஒருமுறை விட்டுப்போகும். இயங்குதளத்தின் குணங்களைச் சமாளிக்கக் கம்பைல் தேர்வுகளும், கோப்புப் படலத்தின்மேல் நாமே ஒரு மெல்லிய உறை போட்டுக்கொள்ளும் வசதியும் இருக்கின்றன. அநேகத் தேவைகளுக்கு அவை போதும். எந்தத் தேர்வு எந்தத் தளத்தின் எந்தப் பிழைக்காக என்பதை அதே இடத்தில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7-க்காகப் போட்ட ஒரு வரி, அந்தப் போன்கள் ஒழிந்த பிறகும் நீடித்து, புதிய போனில் தீங்கு செய்வது நடக்கக்கூடியது.

திரும்பி வரும் வழியும் புதுப்பித்தலின் பகுதி. வால் முறை கோப்பின் தலைப்பிலேயே பதிவாகிறது, 3.7.0-க்கு முந்தைய பதிப்பு அந்தக் கோப்பைத் திறக்காது. 2020 ஜனவரியின் 3.31 கொண்டுவந்த கணக்கிட்டு நிரம்பும் பத்திகளோ, 2021 நவம்பரின் 3.37 தந்த கண்டிப்பான அட்டவணைகளோ ஒரு கோப்பில் இடம்பெற்றுவிட்டால், பழைய பிரதி அந்தத் தரவுத்தளத்தின் அமைப்பே சிதைந்திருப்பதாகச் சொல்லிவிடும். செயலியைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம், பயனரின் கோப்பைத் திருப்ப முடியாது. ஆகவே லைப்ரரியைப் புதுப்பிக்கும் வெளியீட்டில் அதன் புதிய வசதிகள் எதையும் பயன்படுத்தக் கூடாது. எல்லா இயங்குதளங்களிலும் அது நிலைத்து, பழையதற்குத் திரும்பத் தேவையில்லை என்று தெரிந்த அடுத்த வெளியீட்டில்தான் முதல் புதிய அட்டவணையை உருவாக்க வேண்டும்.